பயன்பாட்டுச் சான்றிதழ்

ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்று ஒரு படிவம் இருக்கிறது. மத்திய அரசின் 2017ஆம் வருடத்துப் பொது நிதி விதிகளில் வருவது. எங்கள் அலுவலகத்தில் யாரும் அதை அந்தப் பெயரில் சொல்வதில்லை. ‘யூ.சி.’ என்போம், யுடிலைசேஷன் சர்டிபிகேட். தமிழில் பயன்பாட்டுச் சான்றிதழ். அரசாங்கம் ஆராய்ச்சிக்கென்று கொடுத்த பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்காகத்தான் செலவானது, அதைச் சரிபார்த்துத் திருப்தியடைந்தோம் என்று நிறுவனத்தின் சார்பில் எழுதிக் கொடுக்கும் காகிதம். இது போகாமல் அடுத்த வருடத்துப் பணம் வராது. ஒரு ரூபாய் கணக்கு உதைத்தாலும் திரும்பி வரும். அதில் கையெழுத்துப் போடுபவர்கள் நிதி அலுவலரும் பதிவாளரும். அவர்கள் கையெழுத்துப் போடலாம் என்று குறிப்பு எழுதி, ஓரத்தில் சின்னதாக இனிஷியல் போடுவது நான்.

நான் பார்க்கும் வேலைக்குப் பெயர் ரிசர்ச் அட்மினிஸ்ட்ரேட்டர். முன்னால் ‘சீனியர்’ என்று ஒரு சொல் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ‘ஆராய்ச்சி நிர்வாகி’ என்று சொன்னால் ஆராய்ச்சியை மேய்ப்பவள் மாதிரி ஒலிக்கிறது. ஒருவகையில் அதுவும் சரிதான். அம்மா சொந்தக்காரர்களிடம் “யுனிவர்சிட்டியில புரொபசரா இருக்கா” என்று சொல்லிவிடுவாள். “புரொபசர் இல்லம்மா, ஆபீஸ்ல” என்று திருத்தினால், “அப்ப டாக்டர் பட்டம் வாங்கிட்டு கிளார்க் வேலையா பாக்குற?” என்பாள். பேராசிரியர்களுக்கு நான் ‘ஆபீஸ் ஆளு’. ஆபீஸில் இருப்பவர்களுக்கு ‘பிஎச்.டி. மேடம்’, அதாவது அவர்களில் ஒருத்தி இல்லை.

2012இல் இதே மாதிரி ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறையில் ஜே.ஆர்.எஃப். ஆகச் சேர்ந்தேன். அப்போது மாதம் 16,000 ரூபாய். 2014 அக்டோபரில் அது 25,000 ஆனது. 2019இல் 31,000. 2023இலிருந்து 37,000. முதல் உயர்வில் நிலுவைத் தொகையை வாங்கியவள் நான். அடுத்த இரண்டிலும் கணக்குப் போட்டுக் கொடுத்தவள். எங்கள் ஆய்வகத்தில் பில் ஒட்டுவது, கொட்டேஷன் வாங்குவது, செலவுப் பட்டியல் தயாரிப்பது எல்லாம் எப்படியோ என் தலையில் விழுந்திருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த அன்று என் நெறியாளர் சொன்னார்: “ஒன் தீசிஸ் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ எழுதின யூ.சி. மாதிரி இந்த டிபார்ட்மென்ட்ல எவனும் எழுதல.” கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை. வேலைக்கு விண்ணப்பித்தபோது பரிந்துரைக் கடிதத்திலும் அதையே எழுதியிருந்தார்.

ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் நுண்ணோக்கியும் என்று நினைப்பவர்களுக்கு, ஒரு திட்டம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்ல வேண்டும். பேராசிரியர் ஒரு முன்மொழிவு எழுதுவார். அதை அனுப்ப, நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். விலங்குகள் இருந்தால் ஒரு குழு, மனிதர்களிடம் ரத்தம் எடுத்தால் ஒரு குழு, மரபணு மாற்றம் என்றால் இன்னொரு குழு. எல்லாக் குழுவும் கூட வேண்டும்; கூடுவதற்கு வெளியாள் ஒருவர் வர வேண்டும்; அவருக்குப் பயணப்படி வேண்டும். பிறகு மாதக்கணக்கில் மௌனம். ஒருநாள் அனுமதி ஆணை வரும். கருவிக்கு இவ்வளவு, ரசாயனப் பொருளுக்கு இவ்வளவு, ஆள் சம்பளத்துக்கு, பயணத்துக்கு, சில்லறைச் செலவுக்கு, கடைசியில் நிறுவனத்துக்கு ‘ஓவர்ஹெட்’ என்று ஒரு பங்கு. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பணத்தை நினைத்தபடி மாற்ற முடியாது. இந்த ஓவர்ஹெட்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசுப் பணம் பல்கலைக்கழகங்களுக்குள் கொட்டத் தொடங்கியபோது, அதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு கூட்டம் உருவானது. 1959இலேயே அவர்கள் தேசிய அளவில் சங்கம் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் இதை ஒரு தொழிலாக வளர்க்க வேண்டும் என்ற பேச்சு இப்போதுதான் அங்கங்கே கேட்கிறது. பெரும்பாலான இடங்களில் இதைச் செய்பவர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்வுப் பிரிவிலிருந்து மாற்றலாகி வரும் ஒரு கண்காணிப்பாளர்தான்.

எனக்கு வேலை கற்றுக் கொடுத்ததும் அப்படி ஒரு சூப்பிரண்டுதான். எட்டாவது மாடி கட்டுவதற்கு முன்பிருந்தே அந்தக் கட்டடத்தில் இருந்தவர். நான் எழுதிய முதல் குறிப்பைப் படித்துவிட்டு, “ஏம்மா, ‘விதிகளில் இடமில்லை’ன்னு எழுதியிருக்க. எந்த விதியில, எந்தப் பத்தியில இடமில்ல? காட்டு” என்றார். என்னால் காட்ட முடியவில்லை. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். “கூடாதுன்னு சொல்றது ஒண்ணு. கேட்டுட்டு செய்யலாம்னு சொல்றது ஒண்ணு. ஒண்ணுமே சொல்லாம வுட்டது ஒண்ணு. மூணையும் ஒண்ணா எழுதிப்புட்டா நமக்கு வேலை மிச்சம். எதிர்ல நிக்குறவனுக்குத்தான் கஷ்டம்.” அவர் ஓய்வு பெற்றபோது பொது நிதி விதிகளின் அவருடைய பிரதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஓரங்களில் எல்லாம் பென்சில் குறிப்பு. இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.

இந்த வேலையில் பாதி மொழிபெயர்ப்பு. ஒருமுறை தணிக்கையில் ஒரு தடை வந்தது. மரபியல் துறையின் செலவுச் சீட்டுகளில் ரவை 12 கிலோ, வெல்லம் 15 கிலோ என்று இருந்தது. தணிக்கையாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘சிற்றுண்டிச் செலவு திட்ட நிதியில் அனுமதிக்கத்தக்கதல்ல’ என்று எழுதியிருந்தார். பேராசிரியருக்கு வந்ததே கோபம். பழ ஈக்களை வைத்து மார்கன் 1933இல் நோபல் பரிசு வாங்கிய கதையிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதி அனுப்பினார். தணிக்கையாளர் அசையவில்லை. அசைய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. மார்கனுக்கும் மளிகைக் கடைச் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் அவரைக் கையோடு ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரவையும் வெல்லமும் அகரும் சேர்த்துக் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டில் பாட்டிலாக ஈ. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, “அடப்பாவமே, ஈக்கு உப்புமாவா கிண்டுறீங்க?” என்றார். தடை நீங்கியது. போகும்போது ஒன்று சொன்னார்: “இனிமே சீட்டுக்குப் பின்னாடி, ஈக்களுக்கான உணவு ஊடகம் தயாரிக்கன்னு ஒரு வரி எழுதி டிபார்ட்மென்ட்ல கையெழுத்து வாங்கிடுங்க மேடம். நாளைக்கு வேற ஆள் வருவான்.” அன்றிலிருந்து எழுதுகிறோம். அவர் முரட்டு ஆள் இல்லை. அவர் கையில் இருந்தது வெறும் சீட்டு, அவ்வளவுதான்.

மொழிபெயர்க்க முடியாதது ஒன்று உண்டு. காலம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊதாத் தவளை என்று ஒன்று இருக்கிறது. 2003இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. வருடம் பூராவும் மண்ணுக்கடியில் கிடந்துவிட்டு, மழை பிடிக்கும்போது இணை சேர்வதற்காகச் சில நாட்கள் மட்டும் மேலே வரும். அதை ஆராய ஒருவர் பணம் கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி ஆணை ஆகஸ்டில் வருகிறது. தவளை உள்ளே போய்விட்டது. சரி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றால் நடுவில் மார்ச் 31 என்று ஒரு சுவர் நிற்கிறது. பணத்துக்கு அந்த ஒரே ஒரு பருவம்தான்.

முன்பெல்லாம் திட்டப் பணம் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்கில் வந்து கிடக்கும். வட்டி வந்தால் அதை அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும், ஆனால் அசல் இருக்கும். இப்போது பல திட்டங்களில் பணமாகவே வருவதில்லை. ‘இவ்வளவு வரை செலவு செய்துகொள்’ என்று ஒரு வரம்பு மட்டும் வரும். மார்ச் 31 இரவோடு, செலவழியாத வரம்பு காலாவதி. அரசின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நியாயம். ஆயிரக்கணக்கான கணக்குகளில் பொதுப்பணம் தூங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் வரம்பு பிப்ரவரி கடைசியில் வந்தால் என்ன செய்வது? டெண்டர் விட்டு, தொழில்நுட்பக் குழு கூடி, விலைப்புள்ளி திறந்து, ஆர்டர் போட்டு, ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கருவி கப்பல் ஏறி வர, நல்ல வேகத்தில் போனாலே நான்கைந்து மாதம் ஆகும். எங்கள் பிரிவில் மார்ச் கடைசி வாரம் யாருக்கும் விடுப்பு கிடையாது. கல்யாணம் காதுகுத்து எதுவாக இருந்தாலும் ஏப்ரலில்தான். 30ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பேராசிரியர் கூப்பிட்டு, “மேடம், சில்லறைச் செலவுல 80,000 மிச்சம் இருக்கு, ஒரு லேப்டாப் போட்டுரலாமா?” என்பார். முடியாது சார் என்பேன். அவருக்கும் அது தெரியும். எதற்கும் கேட்டுப் பார்ப்பார்.

2022 ஜூலையில் இன்னொரு கூத்து. அதுவரை பொது நிதியில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று ஒரு சலுகை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள், 18 ஆனது. 20 லட்ச ரூபாய்க் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரி 1 லட்சமாக இருந்தது 3 லட்சத்து 60 ஆயிரம் ஆகிவிட்டது. முன்மொழிவு எழுதியது பழைய வரியில், பணம் ஒதுக்கியதும் பழைய வரியில். கூடுதல் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எங்கே போவது? ரசாயனப் பொருள் தலைப்பிலிருந்து எடுக்கலாம், நிதி கொடுத்தவரிடம் அனுமதி கேட்டு. கருவி வரும், அதில் போட்டு ஓட்ட ரசாயனம் இருக்காது.

அரசாங்கத்தின் ஜெம் போர்ட்டலைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். நாற்காலி, ஏசி, காகிதம் வாங்க அது நல்ல ஏற்பாடு. அதிலேயேதான் ஆன்டிபாடியும் தேட வேண்டும். தேடிக் கிடைக்காவிட்டால், ஜெம்மில் இது கிடைக்கவில்லை என்று ஜெம்மிலிருந்தே ஓர் அறிக்கை எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். 2025 ஜூனில் இதைத் தளர்த்தினார்கள். அறிவியல் கருவிகளைத் துணைவேந்தரோ இயக்குநரோ ஜெம்முக்கு வெளியே வாங்க அனுமதிக்கலாம். கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் உச்சவரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம். அந்தச் சுற்றறிக்கை வந்த அன்று எங்கள் செக்‌ஷனில் கேசரி கிண்டினோம். ரவைக்கு யாரும் தடை போடவில்லை.

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் என்று எல்லோரும் வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். வருத்தப்பட வேண்டியதுதான். 2023இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் வந்தபோது ஐந்து வருடத்தில் 50,000 கோடி என்றார்கள், அதில் 36,000 கோடி தனியாரிடமிருந்தும் பிற வழிகளிலும் வரும் என்றார்கள். வரட்டும். நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கோடிகள் தெரியாது. எனக்குத் தெரிவது கவுன்டருக்கு வெளியே நிற்கும் முகங்கள்.

யு.ஜி.சி. உதவித்தொகை வாங்கும் ஆய்வாளர்களுக்குப் பணம் எப்படிப் போகிறது தெரியுமா? மாதாமாதம் பல்கலைக்கழகம் ஒரு வங்கிப் போர்ட்டலில் உறுதிசெய்ய வேண்டும். முதலில் ‘மேக்கர்’ என்று ஒருவர், இவர் இந்த மாதம் ஆராய்ச்சி செய்தார் என்று பதிவார். பிறகு ‘செக்கர்’ என்று இன்னொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்வார். இருவரும் அழுத்தினால்தான் பணம். எங்கள் பிரிவில் மேக்கர் ஓர் இளநிலை உதவியாளர், செக்கர் நான். ஒரு பொத்தான்தான். அதை அழுத்தாவிட்டால் ஒருவருடைய மாதம் நின்றுவிடும். அதனால் நான் லீவு போட்டாலும் அந்தத் தேதியில் எங்கிருந்தாலும் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். தங்கை கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்புக்கு நடுவில், மண்டபத்தின் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுத்தியிருக்கிறேன்.

பொத்தானுக்கு முன்னால் ஒரு காகிதம் இருக்கிறது. நெறியாளர் கையெழுத்திட்ட வருகைச் சான்று. இங்கேதான் அசிங்கம். நிறைய நெறியாளர்கள் நல்லவர்கள், சான்றைத் தாங்களே கொண்டுவந்து கொடுப்பார்கள். சிலர் அதைக் கடிவாளமாக வைத்திருப்பார்கள். கட்டுரையில் என் நண்பர் பெயரையும் சேர், மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு வா, பேங்குக்குப் போய்விட்டு வா. முடியாது என்றால் அந்த மாதம் சான்று வராது. “ஊர்ல இல்ல”, “பாத்துட்டு சொல்றேன்”, “மொதல்ல அந்த சாப்டர முடிக்கச் சொல்லுங்க.” புகார் கொடுங்கள் என்று ஆய்வாளரிடம் சொன்னால், “வேணாம் மேம், தீசிஸ்ல கையெழுத்து அவருதான் போடணும்” என்பார்கள். அது உண்மை என்பதால் அதற்கு மேல் பேச முடியாது.

நான் புகார் வாங்காமலே ஒரு சுற்றறிக்கைக்குக் குறிப்பு எழுதினேன். மாதத்தின் 25ஆம் தேதிக்குள் நெறியாளரிடமிருந்து சான்றோ, ஏன் தரவில்லை என்பதற்கான எழுத்துப்பூர்வமான காரணமோ வராவிட்டால், துறைத் தலைவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்று தரலாம். சூப்பிரண்டு சொன்ன மூன்றாவது வகை இது, விதி ஒன்றும் சொல்லாமல் விட்ட இடம். யாரையும் குற்றம் சொல்லவில்லை. நெறியாளர்கள் களப்பணியில், வெளிநாட்டில் இருக்கும்போது ஏற்படும் தாமதத்தைத் தவிர்க்க என்றுதான் எழுதியிருந்தேன். கடிவாளம் பிடித்தவர்களுக்குப் புரிந்தது. காரணத்தை எழுத்தில் கொடுக்க இதுவரை யாரும் முன்வரவில்லை.

பணமே மேலிருந்து வராவிட்டால் பொத்தானும் சான்றும் எதற்கு? திட்டங்களில் வேலை பார்க்கும் ஜே.ஆர்.எஃப்.களுக்கு ஐந்து மாதம், ஏழு மாதம் சம்பளம் இல்லாமல் போவது சாதாரணம். முதல் வருட யூ.சி. போக வேண்டும், அது அங்கே ஒரு மேஜையில் இருக்கும், அந்த மேஜைக்காரர் மாற்றலாகியிருப்பார். அனுமதி ஆணை இருக்கிறது, பணம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது என்று மட்டும் தெரியாது. அதுவரை 27 வயதுப் பையன் அப்பாவிடம் வாடகைக்குக் கை நீட்ட வேண்டும். “இன்னும் எத்தன வருஷம்டா படிப்ப?” என்று கேட்கும் அப்பாவிடம்.

ஓவர்ஹெட்டுக்கு வருகிறேன். அது பல்கலைக்கழகத்தின் பங்கு. மின்சாரம், இடம், நூலகம், என்னைப் போன்றவர்களின் உழைப்பு இதற்கெல்லாம். எங்களிடம் அது பல வருடமாகச் சேர்ந்து ஒரு நல்ல தொகையாக இருந்தது. அதிலிருந்து பெயின்ட் அடிப்பார்கள், விருந்தினர் மாளிகைக்குச் சோபா வாங்குவார்கள். இதில் ஒரு பகுதியைச் சுழல் நிதியாக ஒதுக்கி, பணம் தாமதமாகும் திட்டங்களின் ஆய்வாளர்களுக்கு முன்பணமாகக் கொடுக்கலாம், பணம் வந்ததும் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம் என்று கோப்பு தொடங்கினேன். முதல் முறை, ‘முன்னுதாரணம் இல்லை’ என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறை நிதி அலுவலர் என்னை நேரிலேயே கூப்பிட்டார்.

“மேடம், நீங்க நல்ல மனசுல பண்றீங்க. நான் அடுத்த ஜூன்ல ரிட்டயர் ஆவுறேன். இதுல ஒரு அட்வான்ஸ் திரும்பி வரலைன்னாலும் தணிக்கைத் தடை என் பேர்லதான் விழும். பென்ஷன நிறுத்தி வைப்பாங்க. ஒங்க ஸ்காலர் வந்து எனக்கு சோறு போடுவாரா?”

எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு முன்பிருந்தவரின் ஓய்வூதியப் பலன்கள் ஒரு பழைய தடையால் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். இளைஞர்கள் ‘பியூராக்ரசி’ என்று ஒரே சொல்லில் திட்டிவிடுவது பல நேரங்களில் இந்தப் பயத்தைத்தான். தவறாகக் கொடுத்தவரைத் தண்டிக்க விதி உண்டு. கொடுக்காமலே இருந்தவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அப்படி ஓர் ஏற்பாட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர் கொடுக்காமல்தான் இருப்பார். அதனால் மூன்றாம் முறை ஆய்வாளர்களின் கஷ்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் பயத்துக்கு மட்டும் பதில் எழுதினேன். அனுமதி ஆணையில் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட சம்பளத்துக்கு மட்டும். அதிகபட்சம் ஐந்து மாதம். திட்டத் தலைவரின் உறுதிமொழி. முதலில் வரும் தவணையிலேயே பிடித்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, இது சிண்டிகேட்டின் தீர்மானம், எந்தத் தனி அலுவலரின் முடிவும் அல்ல. அவர் இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்தார். அடுத்த ஜூனில் அவர் விடைபெற்ற அன்று, கேக் வெட்டிய கையோடு என்னிடம் வந்து, “ஒத்தப் பைசா பாக்கி இல்ல மேடம், நான் செக் பண்ணிட்டேன்” என்றார்.

ஆனால் அந்தத் தீர்மானத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பல்கலைக்கழகம் வழியாக வரும் பணத்தைத்தான் பிடித்துக்கொள்ள முடியும். ஆய்வாளரின் கணக்குக்கே நேராகப் போகும் உதவித்தொகையில் பிடித்தம் செய்ய வழியில்லை. எனவே அவர்களுக்கு முன்பணம் கிடையாது.

வேதாரண்யம் உப்பளங்களில் வாழும் நுண்ணுயிரிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பெண். நேரடியாகப் பணம் வரும் திட்டம். ஏழு மாதம் வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்து கவுன்டரில் நிற்பாள். “மேம், ஏதாவது மெயில் வந்துச்சா?” நாங்களும் எழுதினோம், போன் போட்டோம், ‘பரிசீலனையில் உள்ளது’. எட்டாவது மாதம் வந்தபோது மெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. ஆய்விலிருந்து விலகும் படிவத்தை நீட்டினாள். ஓசூரில் ஒரு மருந்து கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது.

விலகும் படிவத்தோடு ‘நோ டியூஸ்’ என்று ஒரு தாள் உண்டு. நூலகம், ஆய்வகம், உடற்கல்வித் துறை, விடுதி, மெஸ் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கட்டம் எங்கள் பிரிவு. அவளுக்கு மெஸ் பாக்கி 23,000 ரூபாய் இருந்தது. அதைக் கட்டாமல் சான்றிதழ்களைத் திருப்பித் தர மாட்டார்கள். அவளுக்கு வரவேண்டியது ஏழு மாதத்துக்கு 37,000 வீதம் 2,59,000. அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. அவள் அக்கா கூகுள் பேயில் மெஸ் பணத்தைப் போட்டுவிட்டாள். நான் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். வேறென்ன செய்ய?

அவள் போன பிறகு, நேரடி உதவித்தொகை பெறுபவர்களுக்கும் முன்பணத்தை நீட்டிக்க வேண்டும் என்று ஒரு கோப்பு தொடங்கியிருக்கிறேன். புது நிதி அலுவலர் ஒரு கேள்வியோடு திருப்பியிருக்கிறார்: பிடித்தத்துக்கு உத்தரவாதம் என்ன? சரியான கேள்வி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போதோ விலகும்போதோ அதே நோ டியூஸ் தாளில் ஒரு கட்டம் சேர்த்து முன்பணத்தை அங்கே நேர்செய்யலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன். அந்தத் தாளும் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படட்டுமே. கோப்பு இப்போது இரண்டாவது மேஜையில் இருக்கிறது. துணைவேந்தர் அறைக்கு இன்னும் மூன்று மேஜை.

அவளுடைய பணம், அவள் போய் நான்கு மாதம் கழித்து மொத்தமாக வந்தது. போன் செய்தாள். பின்னால் இயந்திரச் சத்தம்.

“மேம், வந்துடுச்சு. முழுசா. இத நான் திருப்பிக் கட்டணுமா? விலகிட்டேன்ல?”

“கட்ட வேணாம்மா. நீ வேலை பாத்த மாசத்துக்கானது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “என் சாம்பிள் இன்னும் மைனஸ் 80ல இருக்கா மேம்? மூணாவது தட்டுல, நீல டப்பா” என்றாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மதியம் போய்ப் பார்த்தேன். இருந்தது, அவள் கையெழுத்திலேயே தேதியும் இடமும் எழுதி. அந்த ஃப்ரீசரின் பராமரிப்பு ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க ஓவர்ஹெட்டிலிருந்து பணம் கேட்டு அந்தத் துறை அனுப்பிய கடிதம் அன்றைய தபாலில்தான் வந்திருந்தது. முதல் வேலையாக அதற்குக் குறிப்பு எழுதினேன்.